நேர்த்திக்கு விட்ட மீசை

போன கிழமை, கனிசியஸ் வீட்டில் லண்டன் பெட்டி திறபட்டதோடு நிறுத்தியிருந்தேன். அதற்குள் அவருடைய மனைவி மார்கிரட்டுக்காகப் பரிந்து எனக்கு மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயை இவ்வளவு பொல்லாதவளாகக் காட்டலாமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இந்த அத்தியாயத்தையும் வாசித்துவிட்டு எழுதும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இடையில் சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்புத்துறைக் கனிசியசுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் இரவில் கடலுக்குப் போய்ப் பகலில் நித்திரை கொண்ட மனிதர். அவருடைய குறட்டை இரண்டு ஒழுங்கைக்குக் கேட்கும். சென்ற வருடம் கொழும்பில் ஒரு நெஞ்சு வைத்தியரைப் பார்க்கப் போன இடத்தில், வாங்கில் இருந்தபடியே தூங்கி விழுந்துவிட்டார். வைத்தியர் அவரை எழுப்பாமல், கைமணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நித்திரையில் இவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். லண்டனில் இருக்கும் மூத்த மகள் லூர்த்தம்மா, மூக்குக்குள் காற்றைத் தள்ளும் மெசின் ஒன்றை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள்.

பெட்டிக்குள் ஒரு கடிதமும் இருந்தது. இளைய மகள் அருமைநாயகி அதை உரத்து வாசித்தாள். இந்த நோய் உள்ள வருத்தக்காரர் பகலிலும் இருந்த இருப்பிலேயே, தனக்குத் தெரியாமல் நித்திரையாகிவிடுவார், வாகனம் ஒன்றும் ஓட்ட விடக்கூடாது, மெசின் போடாமல் விட்டால் ஒருநாள் நித்திரையிலேயே போய்விடவும் கூடும் என்று அதில் இருந்தது.

மார்கிரட் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு விடியப்புறம், தகப்பனும் மகனுமாகப் போன வள்ளம் தகப்பனோடு மட்டும் திரும்பி வந்தது. சுக்கான் பிடித்தவர் கனிசியஸ். பத்தொன்பது வயதுக் கிறிஸ்துநாயகம் கரைக்கு வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அலை அடித்தது, பிள்ளை விழுந்துவிட்டான், மத்தியானம் வரைக்கும் தேடினேன் என்றுதான் அவர் எல்லோருக்கும் சொன்னார். இருந்த இருப்பில் நித்திரையாகிவிடுவார் என்ற வசனத்தைக் கேட்டதும் மார்கிரட் கடிதத்தை ஒருமுறை பார்த்தாள், புருஷனை ஒருமுறை பார்த்தாள், எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். மன்னிக்கக்கூடிய பெண்ணாக இருந்திருந்தால் அன்றைக்கே கத்திக் குழறியிருப்பாள்.

கடிதம் வாசித்து ஒன்பது நாள். இன்றைக்கு வியாழக்கிழமை.

மெசினோடு பழகுவது லேசான காரியமில்லை. லூர்த்தம்மா படிப்படியாக எழுதியிருந்தாள். முதல் மூன்று நாளும் படுக்க வேண்டாம், கதிரையில் இருந்துகொண்டு முழிப்போடு மாட்டிப் பழகுங்கோ. வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விடுங்கோ. பயந்து பிடுங்க வேண்டாம், பட்டியை இறுக்கவும் வேண்டாம். கனிசியஸ் பொறுமையாகத்தான் தொடங்கினார். ஆனால் மூக்கை மூடிய ரப்பருக்குள் காற்று வந்து அறைந்ததும் முதல் நாளே பிடுங்கி எறிந்துவிட்டார். கதைக்க வாய் திறந்தால் மூக்கால் போன காற்று வாயால் வந்தது. ஓடுகிற வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் நின்றுகொண்டு வாயைத் திறந்ததுபோல இருக்கிறது என்றார்.

இரண்டாம் நாள் வானொலியில் செய்தி முடியும் வரைக்கும் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் அரை மணித்தியாலம். நாலாம் நாள் மத்தியானம் படுத்தார். பின்னேரத்துக்குப் பிறகு கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், பகல் நித்திரைப் பழக்கம் அவருக்கு உதவியாகத்தான் இருந்தது. படுத்ததும்தான் வில்லங்கம் தெரிந்தது. மூக்கில் மாட்டும் ரப்பர் மூடி மீசையின் மேல் குந்திக்கொண்டு நின்றது. மயிருக்குள்ளால் காற்றுச் சீறிக்கொண்டு நேரே கண்ணுக்குள் போனது. பட்டியை இழுத்து இறுக்கினார். கடலுக்குப் போனவன் போட்ட முடிச்சு இளகவா போகிறது? மூக்குத்தண்டில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

ஆறாம் நாள் அவர் பார்த்த வேலையை லண்டன் வைத்தியர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஓட்டை என்றால் அடைக்க வேண்டும் என்பதுதான் அவர் படித்த படிப்பு. பழைய மரவள்ளத்தில் நீர் கசியாமல் பூசுவதுபோல, குங்கிலியத்தைத் தேங்காய் எண்ணெயில் உருக்கி, சூடு ஆறமுன்னம் மீசையில் அப்பி, அதன்மேல் மூடியை வைத்து அமத்தினார். கசிவு நின்றுவிட்டது. ஒரு மணித்தியாலம் நித்திரையும் கொண்டார். கழற்றும்போது மேலுதட்டுத் தோலும் மூடியோடு சேர்ந்து வந்தது. மார்கிரட் ஒரு கோப்பையில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, கழுவுங்கோ என்றாள்.

மீசையை எடுத்தால் ஐந்து நிமிட வேலை. லூர்த்தம்மாவும் அதைத்தான் எழுதியிருந்தாள். ஆனால் அந்த மீசை கனிசியசுக்குச் சொந்தமானதில்லை.

மகன் காணாமல் போன மூன்றாம் நாள், மார்கிரட் மடுமாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். பிள்ளை உயிரோடு வந்தால் தகப்பன் மடுவுக்கு வந்து தாடி மீசை இறக்குவார், அதுவரைக்கும் அவர் முகத்தில் கத்தி படாது. தன்னுடைய தலைமயிரை நேர்ந்திருக்கலாம். புருஷனின் முகத்தை நேர்ந்தாள். அவரும் அன்றைக்கு ஓம் என்று தலையாட்டினார்.

அருமைநாயகிக்கு இருபத்தினாலு வயது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். இன்று காலை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு பங்குச் சுவாமியிடம் போய் முழுவதையும் சொன்னாள். சுவாமி பொறுமையாகக் கேட்டார். நேர்த்தியை வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம், இல்லாதவர்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுத்தாலே போதும், மாற்றிவிடத் தனக்கு அதிகாரமும் உண்டு என்றார். ஆனால் நேர்ந்தவர்தான் வந்து கேட்க வேண்டும். நேர்ந்தது யார் என்று கேட்டார். அம்மா என்றாள். அப்படியானால் அம்மா வரட்டும் என்றார் சுவாமி.

அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குள் நுழைந்தபோது, மார்கிரட் சந்தைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஒருக்காச் சுவாமியிட்டை வந்து சொன்னால் காணும். ஒரு வசனம்தான்.”

“என்ன வசனம்? என்ரை பிள்ளை வரமாட்டான், மனிசன் வழிக்கட்டும் எண்டோ?”

“அப்பாவுக்கு மூச்சு நிக்குதம்மா.”

“இருவத்தெட்டு வரியமா நிக்குது. ஆர் எழுப்பிவிட்டது?”

அது உண்மை. கலியாணம் கட்டிய முதல் மாதத்திலேயே மார்கிரட் அதைப் பிடித்துவிட்டாள். நல்ல சத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் குறட்டை திடீரென்று அறும். அவள் மனதுக்குள் அருள்நிறைந்த மந்திரம் ஒன்று சொல்லத் தொடங்குவாள். சொல்லி முடிவதற்குள் மூச்சுத் திரும்பினால் சரி. முடிந்தும் திரும்பாவிட்டால், படுத்தபடியே காலால் ஒரு இடி. அவர் திணறி மூச்சை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்புவார். வைத்தியருக்கு மணிக்கூடு தேவைப்பட்டது, இவளுக்கு ஒரு மந்திரம் போதுமாக இருந்தது. இந்த மந்திரத்தையும் இடியையும் பற்றிக் கனிசியஸ் கரையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கடிதம் வாசித்த நாளிலிருந்து அவள் இடிக்கவில்லை. இது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மார்கிரட் பையை மடித்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு படலையைத் திறந்தாள்.

“என்ரை பிள்ளை கடலுக்கை கண்ணை முழிச்சுக்கொண்டு கிடக்கிறான். உவருக்கு நித்திரை வேணுமாம்.”

அவள் போய்விட்டாள். அருமைநாயகி சைக்கிளைப் பிடித்தபடியே நின்றாள். பிள்ளை வருவான் என்று நேர்ந்த வாய்தான், கடலுக்குள் கிடக்கிறான் என்றும் சொல்லியிருந்தது. அம்மாவே நம்பாத நேர்த்திக்கு அப்பா ஏன் சாக வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. உள்ளே போய் மேசை லாச்சியைத் துழாவி, அப்பாவின் மடக்குச் சவரக்கத்தியை எடுத்தாள். இரண்டு வருடம் கை படாமல் கிடந்த கத்தி. அதைத் தீட்டினாள், சோப்பும் கத்தரிக்கோலும் எடுத்தாள், சட்டியில் தண்ணீர் அள்ளினாள்.

கனிசியஸ் பக்கத்து அறையில் கட்டிலில் இருந்தார். படலையில் நடந்த கதை முழுவதும் அவருக்குக் கேட்டிருந்தது. கத்தியைக் கண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அப்பா, தம்பி வருவான் எண்டு நீங்கள் நினைக்கிறியளோ?”

அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னொரு முறை கேட்டாள்.

“மீசையை மட்டும் வழி, பிள்ளை. தாடி கிடக்கட்டும்.”

அது அவள் கேட்டதற்கு மறுமொழி இல்லை. ஆனால் அவளுக்குப் போதுமாக இருந்தது. கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கி, சோப்புப் போட்டு, மெல்ல மெல்ல வழித்தாள். குங்கிலியம் தின்ற புண்கள் திரும்ப உரிந்து இரத்தம் கசிந்தது. கண்ணால் தண்ணீர் ஓட ஓட அவர் ஆடாமல் இருந்தார். இரண்டு வருடம் வெயில் காணாத மேலுதடு வெளிறிப்போய்க் கிடந்தது.

மூடியை மாட்டிப் பட்டியை அளவாக விட்டுக் கட்டினாள். மெசினைப் போட்டாள். சீறலைக் காணவில்லை. கனிசியஸ் ஒரு மூச்சு இழுத்தார், இன்னொன்று இழுத்தார், ஆச்சரியத்தோடு மகளைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, பள்ளிக்குப் போ என்று கையை ஆட்டிக் காட்டினார். அவள் கதவைப் பாதி சாத்திவிட்டுப் போனபோது பதினொரு மணி.

பதினொன்றரைக்கு மார்கிரட் ஓரா மீனோடு வந்தாள். பின்பக்கம், அந்த அறையின் யன்னலுக்குக் கீழே, பலகையைப் போட்டுக்கொண்டு வெட்டக் குந்தினாள். உள்ளே மெசின் இரைந்துகொண்டிருந்தது. மற்ற நாட்களில் அந்த இரைச்சலோடு சீறலும் குறட்டையும் கலந்து கேட்கும். இன்று இரைச்சல் மட்டும் தனியாகக் கேட்டது.

அவள் கை நின்றது. வழமைபோல மந்திரத்தைத் தொடங்கினாள். சொல்லி முடித்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இடது கால் தன்பாட்டில் ஒருமுறை அசைந்தது. அவள் அதை மடக்கிப் பாவாடைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பிறகு இரண்டாவதைச் சொன்னாள். மூன்றாவதைச் சொன்னாள். ஒரு மீனின் செதிலைச் சுரண்டி முடித்து அடுத்ததை எடுத்தாள். மெசின் இரைந்துகொண்டேயிருந்தது. மெசினுக்கு ஆள் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். எட்டு அடி தள்ளி ஒரு உயிர் போகிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பெண் குந்திய இடத்தை விட்டு எழும்பாமல் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையையும் சொல்லி முடித்தாள்.

எழும்பிப் போய்க் கதவு நிலையில் நின்று பார்த்தாள். முதுகு தெரிந்தது, பிடரியில் பட்டி தெரிந்தது. ஒன்றும் அசையவில்லை. அவள் உள்ளே கால் வைக்கவில்லை, பேர் சொல்லவும் இல்லை.

செத்த வீட்டில் பிரேதம் எடுக்கும் வரைக்கும் அடுப்பு மூட்டுவதில்லை. அயல்வீட்டார் சமைத்துக் கொடுத்தால்தான் உண்டு. அதனால் மார்கிரட் முதலில் அடுப்பை மூட்டினாள். சோறு வைத்தாள், மீனைக் குழம்பு வைத்தாள். வேலிக்கு மேலால் அயல்வீட்டுச் செபஸ்தியம்மா எட்டிப் பார்த்து, அண்ணையின் சத்தத்தைக் காணவில்லையே மச்சாள் என்று விசாரித்தாள். நித்திரை என்றாள் மார்கிரட். பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள்.

தான் சாப்பிட்டாள். மகளுக்கு ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைத்தாள். அதற்குப் பிறகுதான் விறாந்தை மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தையும் இரண்டு மெழுகுதிரியையும் வைத்தாள். அலுமாரியிலிருந்து அவருடைய கலியாண வேட்டியையும் சால்வையையும் எடுத்துக் கதிரையில் போட்டாள். மற்றக் கதிரையில் தான் இருந்தாள். அழுகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

மூன்று மணிக்கு அருமைநாயகி வந்தாள்.

“முதலிலை சாப்பிடு, பிள்ளை. பிறகு சாப்பிடேலாது.”

அவளுக்கு விளங்கவில்லை. மேசையைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள். விளங்கியதும் அறைக்குள் ஓடினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். தோள் சூடாக இருந்தது.

கனிசியஸ் கண்ணைத் திறந்தார். மெதுவாக எழும்பி இருந்து, பட்டியைத் தானே கழற்றினார். நாலு மணித்தியாலமோ என்று கேட்டார். எத்தனை வருடத்துக்குப் பிறகு தலை இப்படி லேசாக இருக்கிறது என்றும், பசிக்கிறது என்றும், மீன்குழம்பு மணக்கிறது என்றும் சொன்னார். குழம்பு மணத்தைப் பிடித்துக்கொண்டு விறாந்தைக்கு நடந்தார்.

செத்தவர் நடந்து வந்தால் எந்தப் பெண்ணும் அலறுவாள். மார்கிரட் அலறவில்லை. அவள் பார்த்தது அவருடைய மேலுதட்டைத்தான்.

“ஆரைக் கேட்டு வழிச்சனீங்கள்?”

நான்தான் வழித்தேன் என்றாள் அருமைநாயகி. இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. கனிசியஸ் மெழுகுதிரிகளைப் பார்த்தார். வேட்டியைத் தூக்கி, மடிப்புக் குலையாமல் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

“சத்தம் நிண்டுபோச்சு, என்ன?”

“ஓம்.”

“ஒண்டு சொல்லி முடிச்சால் இடிப்பாய். இண்டைக்கு எத்தினை சொன்னனீ?”

மார்கிரட் ஒளிக்கவில்லை. செபமாலையை மேசையில் வைத்தாள்.

“அம்பத்து மூண்டும் சொன்னன். பிறகு சமைச்சன்.”

மூடி வைத்த கோப்பை எதற்கென்று அருமைநாயகிக்கு அப்போதுதான் விளங்கியது. கனிசியஸ் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் மார்கிரட்டுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் தன் வேட்டி கிடந்த கதிரையிலேயே, வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கத்தியையும் சோப்பையும் கொண்டு வா, மிச்சத்தையும் வழி என்று மகளிடம் சொன்னார்.

“அவன் வந்தாப் பிறகு வழியுங்கோ,” என்றாள் மார்கிரட்.

“வரமாட்டான்.”

அருமைநாயகி கத்தியோடும் சட்டியோடும் வந்து வாசலில் நின்றுவிட்டாள். அப்பா இவ்வளவு தெளிவாகக் கதைத்து அவள் கேட்டது நெடுங்காலத்துக்கு முன்பு.

“அலை அடிக்கேல்லை. நான் நித்திரையாப் போனன். வள்ளம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கு. அவன் கூப்பிட்டவன், மார்கிரட். ரெண்டு தரம் கூப்பிட்டவன். எனக்குக் கேட்டது. கனவாக்கும் எண்டு நினைச்சுப் பேசாமல் கிடந்திட்டன்.”

அறைக்குள் மெசினை ஒருவரும் நிறுத்தவில்லை. அது தன்பாட்டில் இரைந்துகொண்டிருந்தது.

மார்கிரட் எழும்பினாள். மகளிடம் வந்து சட்டியை வாங்கினாள். கத்தியை அருமைநாயகி விடவில்லை. மார்கிரட் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டாள். புருஷனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அவருடைய தாடி முழுவதும் சோப்பைப் பூசினாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் அவருக்குச் சவரம் செய்தது கிடையாது. இடது கையை நாடிக்குக் கீழே கொடுத்து முகத்தை நிமிர்த்தினாள். கத்தியைத் தொண்டையில் வைத்தாள்.

கனிசியஸ் கையை எடுத்துத் தடுக்கவில்லை. அருமைநாயகி ஒரு அடி முன்னால் வைத்தாள், அதற்கு மேல் வரப் பயந்து நின்றாள்.

“இனி ஆடாமல் இருந்து சொல்லுங்கோ,” என்றாள் மார்கிரட். “என்ரை பிள்ளை என்ன சொல்லிக் கூப்பிட்டவன்?”